திரையில் ஒன்று, ஆல்பத்தில் ஒன்று: ஸ்டுடியோவில் நிறம் தப்பினால் எங்கே பார்ப்பது

மதுரையில் ஸ்டுடியோ, ஆல்பம் டிசைன், ஃப்ளக்ஸ் என்று படத்தை வைத்துப் பிழைக்கிற எந்தக் கடைக்குப் போனாலும் முகூர்த்த சீசனில் கேட்பது அதே ஆறேழு புகார்தான். "அண்ணே, லேப்காரன் கெடுத்துட்டான்" என்றுதான் ஆரம்பிப்பார்கள். போய்ப் பார்த்தால் பெரும்பாலும் கோளாறு கடைக்குள்ளேயே, நம் மேஜை மேலேயே இருக்கும். கீழே ஒவ்வொரு புகாராக எழுதியிருக்கிறேன். செலவில்லாத காரணம் முதலில், பர்ஸைத் திறக்க வைக்கிறது கடைசியில். உங்கள் புகார் எதுவோ அதற்கு நேராகப் போய்ப் படிக்கலாம்.

ஒரே நிபந்தனை: காரணம் தெரியும்வரை படத்தில் கை வைக்காதீர்கள். அச்சு இருட்டாக வந்தது என்று கர்வ்ஸைத் (படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற ஃபோட்டோஷாப் கருவி) தூக்கிச் சேமித்துவிட்டால், மானிட்டரைச் சரிசெய்கிற அன்றைக்கு அந்த ஃபைல்கள் எல்லாம் வெளுத்துப்போய் நிற்கும்.

## முதலில் ஒரு சோதனை ஷீட்

இது இல்லாமல் கீழே உள்ள எதுவும் நடக்காது. 6×8 அளவில் ஒரு ஃபைல் செய்துகொள்ளுங்கள். அதில் ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீலம்) மூன்றும் 128 உள்ள ஒரு சாம்பல் கட்டம், கருப்பிலிருந்து வெள்ளை வரை படிப்படியாக ஒரு பட்டை, நல்ல வெளிச்சத்தில் எடுத்த மாநிற முகம் ஒன்று, பட்டுச் சேலைத் துண்டுகள் மூன்று (அரக்கு, கிளிப்பச்சை, எம்.எஸ். ப்ளூ) இருக்கட்டும். எஸ்ஆர்ஜிபியில் (திரை, போன், லேப் எல்லாவற்றுக்கும் பொதுவான நிறவெளி) சேமித்து, "கரெக்‌ஷன் எதுவும் வேண்டாம்" என்று சொல்லி லேபில் ஒரு பிரதி எடுத்து, பின்பக்கம் தேதி எழுதி, உறைக்குள் போட்டு வையுங்கள். சுவரில் ஒட்டினால் வெயிலில் வெளுக்கும்.

இனி எந்தச் சந்தேகம் வந்தாலும் வாடிக்கையாளர் படத்தை வைத்துப் பார்க்காமல் இந்த ஷீட்டை வைத்துத்தான் பார்க்க வேண்டும். கல்யாணப் படத்தில் நிறம் தப்ப நூறு காரணம் இருக்கும். இந்த ஷீட்டில் அந்தக் குழப்பம் கிடையாது.

## புகார்: அச்சு எல்லாம் இருட்டாக வருகிறது

அதிகமாக வருவது இதுதான். முதல் சந்தேகம் மானிட்டர் வெளிச்சத்தின் மேல். பெட்டியைப் பிரிக்கும்போதே பல மானிட்டர்கள் சதுர மீட்டருக்கு 250, 300 கேண்டெலா வெளிச்சத்தில்தான் வருகின்றன. அச்சோடு ஒப்பிட்டு வேலை செய்ய 80 முதல் 120 வரை போதும். அவ்வளவு பளிச்சென்ற திரையைப் பார்த்துத் திருத்துகிறவர் தன்னையறியாமல் ஒவ்வொரு படத்தையும் இருட்டாக்கிக்கொண்டே போவார்.

சோதிக்கக் கருவி வேண்டாம். ஃபோட்டோஷாப்பில் வெறும் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறங்கள். நீங்கள் அச்சைப் பார்க்கிற விளக்குக்குக் கீழே, திரைக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடியுங்கள். திரை விளக்கு மாதிரி எரிந்து, தாள் அழுக்கு மாதிரி தெரிந்தால் காரணம் கிடைத்துவிட்டது. இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகத் தெரியும்வரை மானிட்டரின் பிரைட்னஸைக் குறையுங்கள். கான்ட்ராஸ்டைத் தொடாதீர்கள்.

குறைத்ததும் திரையும் சோதனை ஷீட்டும் ஒத்துப்போனால் வேலை முடிந்தது. அந்த எண்ணைத் துண்டுச் சீட்டில் எழுதி மானிட்டர் ஓரத்தில் ஒட்டுங்கள். இல்லையென்றால் ராத்திரி ஷிஃப்ட் தம்பி "கண்ணுக்குத் தெரியலண்ணே" என்று மறுபடி ஏற்றிவைப்பார்.

பகலில் சரி, ராத்திரி தப்பு என்றால் அறைதான் காரணம். மேற்குப் பார்த்த கடையில் நாலு மணி வெயில் திரைமேல் விழுகிறதா பாருங்கள். எடிட்டிங் மேஜை வாசலைப் பார்த்து இருக்கக் கூடாது. நம் ஊர்க் கடைகளில் கிளிப்பச்சை, ரோஸ் பெயின்ட் அடித்த சுவர்கள் ஏராளம். அதுவும் கண்ணைக் கெடுக்கும். திரைக்குப் பின்னால் உள்ள சுவருக்கு மட்டுமாவது வெளிர் சாம்பல் அடித்துவிடுங்கள். பெரிய செலவில்லாத வைத்தியம் அது.

லேப்டாப்பில் எடிட் செய்தால், கரண்ட் போய் பேட்டரிக்கு மாறும்போது திரை தானாக மங்கும். சில லேப்டாப்களில் கான்ட்ராஸ்டும் மாறும். அடாப்டிவ் பிரைட்னஸ், டிஸ்ப்ளே பவர் சேவிங் இரண்டையும் அணைத்து வையுங்கள். கரண்ட் இல்லாத நேரத்தில் லேஅவுட் வேலை பாருங்கள், கலர் வேலை வேண்டாம்.

ஒரு லேபில் மட்டும் இருட்டு என்றால் அதே சோதனை ஷீட்டை இன்னொரு லேபில் போட்டுப் பாருங்கள். அங்கே சரியாக வந்தால், இரண்டு ஷீட்டையும் எடுத்துக்கொண்டு முதல் லேபுக்குப் போங்கள். கையில் ஷீட் இருந்தால் அங்கே பேச்சு சண்டையாக மாறாது.

## புகார்: முகம் ஒரு பக்கம் சாய்கிறது (ரோஸாக, பச்சையாக, மஞ்சளாக)

முதல் கேள்வி: ஃபைலிலேயே சாய்வு இருக்கிறதா, அச்சில்தான் வருகிறதா? கண்ணை நம்பாதீர்கள். ஃபோட்டோஷாப்பில் இன்ஃபோ பேனலைத் (கர்சர் இருக்கிற இடத்தின் நிறத்தை எண்ணாகக் காட்டும் பெட்டி) திறந்து, படத்தில் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை காலர் மாதிரி நிறமில்லாத இடத்தில் கர்சரை வையுங்கள்.

### எண்ணே சாய்ந்திருந்தால்

ஆர், ஜி, பி மூன்றும் ஒன்றுக்கொன்று மிகவும் தள்ளி இருந்தால் படம் எடுத்த இடத்தில்தான் தவறு. மண்டபத்தில் டியூப் லைட் ஒரு பக்கம், வீடியோக்காரர் லைட் ஒரு பக்கம், மேடைக்குப் பின்னால் ஊதா எல்ஈடி. ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் (வெள்ளையை வெள்ளையாகக் காட்டக் கேமரா தானே செய்கிற திருத்தம்) எதைத்தான் பிடிக்கும்? மேடை விளக்குகள் போட்டபின் மணவறையில் ஒரு கிரே கார்டைப் பிடித்து ஒரு ஷாட் எடுத்துவிட்டால், ரா ஃபைலாக (RAW, கேமரா சுருக்காமல் சேமிக்கிற மூலப் படம்) எடுத்த அந்தத் தொகுதி முழுவதையும் ஒரே கிளிக்கில் சரிசெய்யலாம். ஊதா எல்ஈடி நேராக முகத்தில் அடித்திருந்தால் எந்த ஒயிட் பேலன்ஸும் காப்பாற்றாது. அந்த விளக்கை முகத்திலிருந்து திருப்பச் சொல்லி அங்கேயே கேட்டுவிட வேண்டும்.

நலங்குப் படம் தனி. முகமெல்லாம் மஞ்சள் பூசி இருக்கும்போது ஆட்டோ பேலன்ஸ் அதைச் சாய்வு என்று நினைத்து நீலத்தைக் கூட்டும். நலங்குக்கு ஒயிட் பேலன்ஸைக் கையால் வைத்துப் பூட்டிவிடுங்கள்.

### எண் சரி, திரையில் சரி, அச்சு மட்டும் சாய்ந்தால்

கடையிலேயே பிரிண்ட் போடுகிறவர்கள் முதலில் நாஸில் செக் (இங்க் துளைகள் அடைத்திருக்கின்றனவா என்று காட்டும் சோதனை அச்சு) எடுங்கள். ஆறு நிற இங்க் பிரிண்டரில் லைட் மெஜந்தா அடைத்திருந்தால் முகத்தின் வெளிச்சப் பகுதி பச்சையடிக்கும், தலைமுடியும் கோட்டும் மட்டும் சரியாக இருக்கும். லைட் சயான் அடைத்தால் அதே இடம் சிவக்கும். கோடு விட்டிருந்தால் ஹெட் கிளீனிங் கொடுங்கள். இரண்டு மூன்று தடவைக்கு மேல் தொடர்ந்து கொடுக்க வேண்டாம். இங்க் வீணாவதோடு வேஸ்ட் இங்க் பேடும் நிரம்பும். அணைத்து ஒரு ராத்திரி விட்டுவிட்டு, காலையில் மறுபடி பாருங்கள். அதற்குப் பிறகும் கோடு விட்டால் சர்வீஸ் ஆளைக் கூப்பிட வேண்டிய இடம் அதுதான். ஊசியில் திரவம் ஏற்றி ஹெட்டைக் கழுவுகிற வீடியோக்களைப் பார்த்து இறங்காதீர்கள். ஹெட் போனால் புது பிரிண்டர் விலையை ஒட்டி வந்து நிற்கும்.

நாஸில் சரியென்றால் அடுத்தது இரட்டைத் திருத்தம். ஃபோட்டோஷாப்பின் பிரிண்ட் ஜன்னலில் "ஃபோட்டோஷாப் மேனேஜஸ் கலர்ஸ்" என்று இருந்து, பிரிண்டர் டிரைவரும் தன் பங்குக்குக் கலரைத் திருத்தினால், இரண்டு தடவை திருத்தம் விழும். பெரும்பாலும் படம் சிவந்து, கனத்துப்போய் வரும். ஃபோட்டோஷாப் பார்த்துக்கொள்ளட்டும் என்றால் டிரைவரில் "நோ கலர் அட்ஜஸ்ட்மென்ட்" போடுங்கள். டிரைவரிடம் விடுவதென்றால் ஃபோட்டோஷாப்பில் "பிரிண்டர் மேனேஜஸ் கலர்ஸ்" வையுங்கள். இரண்டில் ஒருவருக்குத்தான் வேலை.

அப்புறம் பேப்பர் டைப். கிளாஸி பேப்பரை வைத்துவிட்டு டிரைவரில் பிளெயின் பேப்பர் என்று விட்டிருப்பார்கள். பாஸ்போர்ட் போட்டோ அவசரத்தில் இது தினமும் நடக்கிறது.

லேபில் போடுகிறவர்கள் ஒன்றே ஒன்று கேளுங்கள்: ஆட்டோ கரெக்‌ஷன் ஓடுகிறதா? பட்டுச் சேலை பிரேம் முழுக்க நிறைந்த படத்தில் மிஷின் சிவப்பைக் குறைக்கப் பார்க்கும், மணப்பெண் முகம் பச்சையாகும். நீங்கள் கலர் பார்த்து அனுப்புகிற ஃபைலுக்கு "நோ கரெக்‌ஷன்" என்று ஃபோல்டர் பெயரிலேயே எழுதி அனுப்புங்கள்.

### ஒரு விளக்கில் சரி, இன்னொன்றில் சாய்வு

அச்சு சரிதான், பார்க்கிற விளக்கு சரியில்லை. டியூப் லைட்டுக்குக் கீழே பச்சையாகத் தெரிகிற அச்சு வாசலுக்குக் கொண்டுபோனால் சரியாக இருக்கும். அச்சைப் பார்க்கவென்று ஒரு மேஜைக்கு மட்டும் 5000 கெல்வின், சிஆர்ஐ (நிறத்தை எவ்வளவு சரியாகக் காட்டும் என்ற மதிப்பெண்) 90க்கு மேல் என்று பெட்டியில் போட்டிருக்கிற எல்ஈடி வாங்கி மாட்டுங்கள். வாடிக்கையாளருக்கும் அங்கேயே காட்டுங்கள்.

## புகார்: சேலை நிறம் மட்டும் வரவில்லை

முகம் சரி, பூ சரி, முகூர்த்தச் சேலை மட்டும் தப்பு. பெண் வீட்டார் சேலையையே கையில் எடுத்துவந்து ஆல்பத்துக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டும்போது பேச நமக்கு வாய் இருக்காது. எந்த நிறம் என்பதைப் பொறுத்துக் காரணம் மாறும்.

### நீலம் ஊதாவாகிறது

எம்.எஸ். ப்ளூ, ராயல் ப்ளூ இரண்டுக்கும் இதே கதி. சிஎம்ஒய்கே (சயான், மெஜந்தா, மஞ்சள், கருப்பு என்ற நான்கு இங்க்) அச்சில் நீலம் என்பது சயானும் மெஜந்தாவும் சேர்ந்தது. இரண்டும் சமமாக விழுந்தால் கண்ணுக்கு ஊதாதான் தெரியும். சிஎம்ஒய்கேவுக்கு மாற்றியபின் சேலையில் கர்சரை வைத்துப் பாருங்கள். சயான் 100, மெஜந்தா 95 என்று காட்டினால் அது ஊதாவாகத்தான் அச்சாகும். சேலையை மட்டும் செலக்ட் செய்து மெஜந்தாவை 70க்குப் பக்கத்தில் இறக்குங்கள். சயானுக்கும் மெஜந்தாவுக்கும் 30 வித்தியாசம் இருக்கட்டும். சிவகாசிக்கு ஆஃப்செட்டில் காலண்டர் அடிக்க ஃபைல் அனுப்புகிறவர்களுக்கு இந்த ஒரு கணக்கு போதும், பாதி சண்டை குறையும்.

### பச்சை பாசி மாதிரி மங்குகிறது

சித்திரைத் திருவிழாவில் அழகர் என்ன நிறப் பட்டு உடுத்தி ஆற்றில் இறங்குகிறார் என்பதை வைத்து அந்த வருஷத்து மழையையும் விளைச்சலையும் பேசுகிற ஊர் இது. அந்தப் பச்சைப் பட்டு ஃப்ளக்ஸில் மங்கி வந்தால் தெருவே கேட்கும்.

திரையில் தெரிகிற பளிச்சென்ற கிளிப்பச்சை நான்கு இங்க் அச்சின் எல்லைக்கு வெளியே இருக்கிறது. எவ்வளவு போராடினாலும் அப்படியே வராது. அதனால் வாடிக்கையாளருக்குத் திரையில் காட்டும்போதே ஃபோட்டோஷாப்பில் கன்ட்ரோல் ஒய் அடித்து, அச்சில் எப்படி வருமோ அப்படிக் காட்டிவிடுங்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், ஒய் மூன்றையும் அடித்தால் எந்தெந்த இடம் எல்லையைத் தாண்டுகிறது என்று சாம்பலாகக் காட்டும். அதற்கு முன் "ப்ரூஃப் செட்டப்"பில் உங்கள் பிரஸ் கொடுத்த புரொஃபைலைத் (அந்த மிஷினில் நிறம் எப்படி வரும் என்று சொல்கிற ஃபைல்) தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். அப்புறம் பச்சைக்குள் மெஜந்தா எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். பத்துப் பதினைந்து இருந்தாலே நிறம் அழுக்காகும். நிழல் மடிப்புகளை விட்டுவிட்டு, வெளிச்சம் படுகிற இடத்தில் அதை ஒழித்துக்கட்டுங்கள்.

கட்சிக் கொடிகளுக்கும் இதே கதைதான். சிவப்பு ஆரஞ்சுப் பக்கம் போய்விட்டால் மஞ்சளைக் கொஞ்சம் குறையுங்கள். அங்கே விளக்கம் சொல்லித் தப்பிக்க முடியாது.

### அரக்கும் குங்குமச் சிவப்பும் மொழுக்கென்று, ஜரிகை நூலே தெரியாமல்

இது அச்சுக் கோளாறு இல்லை, கேமராவில் சிவப்புச் சேனல் நிரம்பி வழிந்தது. கேமரா திரையில் ஒற்றை ஹிஸ்டோகிராமுக்குப் (இடது ஓரம் இருட்டு, வலது ஓரம் வெளிச்சம் என்று காட்டும் வரைபடம்) பதில் மூன்று நிற ஹிஸ்டோகிராமை வைத்துப் பாருங்கள். மற்ற இரண்டும் நடுவில் இருக்க, சிவப்பு மட்டும் வலது சுவரில் முட்டி நிற்கும். ரா ஃபைலாக எடுத்திருந்தால் எக்ஸ்போஷரையும் சிவப்பு சாச்சுரேஷனையும் இறக்கினால் பெரும்பாலும் மடிப்பு திரும்ப வரும். ஜேபெக் மட்டும்தான் இருக்கிறது என்றால் போனது போனதுதான். அடுத்த கல்யாணத்தில் பிக்சர் ஸ்டைலை விவிடிலிருந்து நியூட்ரலுக்கு மாற்றி, சேலைக்காக அரை ஸ்டாப் குறைத்து எடுங்கள்.

### மயில் கழுத்து, கருப்புக் கோட்டு

மயில் கழுத்துச் சேலையில் பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம். பார்க்கிற கோணத்துக்கு ஒரு நிறம் காட்டும். அதை எந்தக் கருவியாலும் ஒரே நிறமாக ஆக்க முடியாது. சேலையை வரவழைத்து, "இந்தப் பக்கம் பார்த்தால் வருகிற நிறமா, அந்தப் பக்கமா" என்று கேட்டு அதற்கு ஏற்றபடி திருத்துங்கள். சில செயற்கை இழைக் கருப்புக் கோட்டுகள் மண்டப விளக்கில் அரக்காகத் தெரிவதும் உண்டு. துணி திருப்பி அனுப்புகிற அகச்சிவப்புக் கதிரைக் கேமரா கொஞ்சம் பிடித்துக்கொள்வதுதான் காரணம். கோட்டை மட்டும் செலக்ட் செய்து சாச்சுரேஷனை இறக்கினால் போதும்.

## புகார்: ஃபோட்டோஷாப்பில் நன்றாக இருக்கிறது, போனில் செத்துப்போய் இருக்கிறது

கேமரா ஃபைல் பெயரைப் பாருங்கள். அடிக்கோட்டில் ஆரம்பிக்கிறதா? கேனன், நிகான் கேமராக்கள் அடோபி ஆர்ஜிபியில் வைத்திருந்தால் பெயருக்கு முன்னால் அடிக்கோடு போடும். 1998இல் வந்த அந்த நிறவெளி எஸ்ஆர்ஜிபியை விடப் பெரியது. புரொஃபைலைப் படிக்கத் தெரியாத சாஃப்ட்வேர் அந்த எண்களை எஸ்ஆர்ஜிபி என்று எடுத்துக்கொள்ளும். முகம் வெளிறி, சேலை மங்கிவிடும். லேப் மிஷின்களிலும் இதே நடக்கும். கேமராவை எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றிவிடுங்கள். கல்யாண வேலைக்கு அதுவே தாராளம்.

ஏற்கெனவே எடுத்த படங்களுக்கு எடிட் மெனுவில் "கன்வர்ட் டு புரொஃபைல்". அதற்குப் பக்கத்திலேயே இருக்கிற "அசைன் புரொஃபைல்" வேண்டாம். அது எண்களை அப்படியே விட்டு அர்த்தத்தை மாற்றும், அதனால் படத்தின் தோற்றமே மாறும். கன்வர்ட் தோற்றத்தைக் காப்பாற்றி எண்களை மாற்றும். சேமிக்கும்போது புரொஃபைலை எம்பெட் செய்யும் டிக்கை எடுத்துவிடாதீர்கள்.

ஃபைல் எஸ்ஆர்ஜிபிதான் என்றால் போன் பக்கம் பாருங்கள். பல போன்களில் திரை விவிட் மோடில்தான் வரும். கண் பாதுகாப்பு மோடு ஓடினால் எல்லாம் மஞ்சள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கும், டாக்குமென்டாக அனுப்புங்கள். வாடிக்கையாளர் போனில் பார்த்து "இந்தக் கலர்தான் வேணும்" என்று சொல்வதை ஒப்புதலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு 6×8 டெஸ்ட் போட்டுக் கையில் கொடுத்துவிடுங்கள்.

## புகார்: மானிட்டரே மாறிப்போச்சு

வெள்ளைப் பக்கம் ஃபோட்டோஷாப்பில் மட்டும் மஞ்சள், டெஸ்க்டாப்பில் வெள்ளை: மானிட்டர் கம்பெனி டிரைவரோடு வந்த டிஸ்ப்ளே புரொஃபைல் கெட்டிருக்கிறது. விண்டோஸில் கலர் மேனேஜ்மென்ட் என்று தேடித் திறந்து, அந்த மானிட்டருக்கு உள்ள புரொஃபைலை நீக்கி, எஸ்ஆர்ஜிபியை டிஃபால்ட்டாக வையுங்கள். ஃபோட்டோஷாப்பை மூடித் திறந்தால் வெள்ளை திரும்பிவிடும்.

எல்லா இடத்திலும் மஞ்சள்: நைட் லைட். அணையுங்கள்.

கருப்பு சாம்பலாகத் தெரிகிறது: எச்டிஎம்ஐயில் இணைத்திருந்தால் கிராஃபிக்ஸ் கார்டு செட்டிங்கில் அவுட்புட் ரேஞ்ச் "லிமிடெட்" என்று இருக்கும், "ஃபுல்" ஆக்குங்கள். விண்டோஸில் எச்டிஆர் ஓடுகிறதா என்றும் பாருங்கள்.

தலையை அசைத்தால் நிறம் மாறுகிறது: அது டிஎன் பேனல் என்கிற திரை வகை. செட்டிங்கால் தீராது. ஐபிஎஸ் பேனல், எஸ்ஆர்ஜிபி முழுவதும் காட்டக்கூடியது என்று பார்த்து வாங்குங்கள். "45% என்டிஎஸ்சி" என்று போட்டிருந்தால் அந்தப் பக்கம் போக வேண்டாம். கேமிங் மானிட்டரின் வேகம் நமக்குத் தேவையில்லை.

இரண்டு மானிட்டர் இரண்டு நிறம்: கையால் ஒத்துப்போக வைக்கப் பார்த்து நாள் முழுக்கக் கழித்தவர்கள் உண்டு. இதற்குக் கலரிமீட்டர் (திரைமேல் வைத்து நிறத்தை அளக்கிற கருவி) வேண்டும். அரை மணி நேரம் திரை ஓடியபின் வைத்து, டி65 (பகல் வெளிச்ச வெள்ளை), காமா 2.2, வெளிச்சம் 100 என்று கொடுத்து ஓட்டினால் கொஞ்ச நேரத்தில் வேலை முடியும். மாதம் ஒரு தடவை செய்தால் போதும் என்பதால் ஒவ்வொரு கடைக்கும் ஒன்று தேவையில்லை. ஒரே தெருவில் உள்ள நாலு பேர் சேர்ந்து வாங்கலாம், போட்டிக்காரர்களாக இருந்தாலும்.

## புகார்: போன மாதம் சரியாக வந்த அதே ஃபைல் இப்போது வேறு மாதிரி

சோதனை ஷீட்டை உறையிலிருந்து எடுங்கள். அதே ஃபைலை இன்று மறுபடி போட்டுப் பக்கத்தில் வையுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் உங்கள் படத்தில்தான் ஏதோ மாறியிருக்கிறது, மேலே போய்ப் பாருங்கள்.

வேறாக இருந்தால், லேபில் பேப்பர் ரோல் மாற்றினார்களா, காலையில் மிஷின் செட்டப் ஓட்டினார்களா என்று கேளுங்கள். சீசன் கூட்டத்தில் அதைத் தள்ளிப்போடுகிற இடங்கள் உண்டு. ஆல்பத்தில் லேமினேஷன் மாறியதா என்பதையும் கேட்க மறக்காதீர்கள். கிளாஸி போட்டால் கருப்பு ஆழமாகும், மேட் போட்டால் கருப்பு எழும்பிக் கான்ட்ராஸ்ட் குறையும். 12×36 ஷீட் நாற்பது அடிக்கிறதுக்கு முன்னால் ஒரே ஒரு ஷீட்டை லேமினேஷன் வரை முடித்துக் காட்டச் சொல்லுங்கள்.

சொந்த பிரிண்டர் என்றால் இங்க். விலை குறைவு என்று வேறு கம்பெனி இங்க் ஊற்றினால் டிரைவரோடு வந்த புரொஃபைல் அதற்குப் பொருந்தாது. அச்சடித்த உடனே தீர்ப்புச் சொல்லவும் வேண்டாம். காயக் காய நிறம் கொஞ்சம் நகரும், ராத்திரி அடித்ததைக் காலையில் பாருங்கள்.

இத்தனையும் பார்த்தும் சாய்வு நின்றால், உங்கள் பிரிண்டர், உங்கள் இங்க், உங்கள் பேப்பர் மூன்றுக்கும் சேர்த்துத் தனி புரொஃபைல் செய்பவரைக் கூப்பிடுங்கள். அவர் தருகிற கட்டங்கள் நிறைந்த சார்ட்டைக் கலர் மேனேஜ்மென்ட் முழுவதும் அணைத்து அச்சடித்து, ஒரு நாள் காயவைத்துக் கொடுக்க வேண்டும். அவர் ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டரில் படித்து ஃபைலாகத் தருவார். பேப்பர் ஒவ்வொன்றுக்கும் தனியாகக் காசு. அதனால் கூப்பிடுவதற்கு முன்னால் எந்த இரண்டு பேப்பரில் ஓட்டப்போகிறீர்கள் என்று முடிவு செய்துவிடுங்கள். அதற்குப் பிறகு இங்க் கம்பெனியை மாற்றினால் அந்த ஃபைல் செல்லாது. மறுபடி சார்ட்டிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.